மருத்துவமனையில் தீ: பாதுகாப்பாக வெளியேறுதல்

கட்டடத் தீ விபத்துகளில் தீச்சுடரைவிடப் புகையே மிகுதியான உயிர்களைப் பறிக்கிறது. 2011 டிசம்பர் 9 அன்று கொல்கத்தாவின் தனியார் மருத்துவமனை ஒன்றின் அடித்தளத்தில் பற்றிய தீயின் புகை மேல்தளங்களுக்குப் பரவி, 90-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

வழி தவறுவது ஏன்?
புகை பார்வையை மறைக்கும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான ஈர்ப்புடன் ஹீமோகுளோபினோடு பிணைந்து, சிந்தனையைக் குழப்பும். அந்நிலையில் பலரும் அருகிலுள்ள அவசர வழியை விடுத்து, உள்ளே வந்த வழியையே நாடுவர். எனவே, அனுமதிக்கப்பட்ட நாளிலேயே இரண்டு வெளியேறும் வழிகளை நடந்து பார்த்து, இடையிலுள்ள கதவுகளை எண்ணி வைத்துக்கொள்ளவும்.

தீ ஏற்பட்டால்
• செவிலியரிடம் உடனே தெரிவிக்கவும். 101 அல்லது 112 எண்ணை அழைக்கவும்.
• மின்தூக்கியைப் பயன்படுத்த வேண்டாம்.
• புகை மேலெழும். ஆகவே தாழக் குனிந்து, சுவரைத் தொட்டபடி செல்லவும். ஈரத்துணி கார்பன் மோனாக்சைடைத் தடுக்காது.
• மூடிய கதவைப் புறங்கையால் தொட்டுப் பார்க்கவும். சூடாக இருந்தால் திறக்க வேண்டாம். கடந்து வந்த கதவுகளை மூடவும்.
• நடக்க இயலாதவரை முதலில் அதே தளத்தில், தீத்தடுப்புக் கதவுக்கு அப்பாலுள்ள பகுதிக்குக் கொண்டு செல்லவும். கட்டிலை நகர்த்த முடியாவிடில் போர்வையில் கிடத்தி இழுக்கலாம்.
• உயிர்காக்கும் கருவிகளைப் பணியாளரின் அறிவுரையின்றி அகற்ற வேண்டாம்.

வெளியேறிய பின்
தலைவலி, குமட்டல், குரல் கம்மல், மூக்கில் கரி ஆகியவை இருப்பின் உடனே மருத்துவரை அணுகவும். விரல்நுனி ஆக்சிமீட்டர் இயல்பான அளவைக் காட்டினாலும் நச்சுப் பாதிப்பு இருக்கக்கூடும். எக்காரணம் கொண்டும் மீண்டும் உள்ளே செல்ல வேண்டாம். உள்ளே இருப்போர் குறித்துத் தீயணைப்பு வீரர்களிடம் தெரிவிக்கவும்.