மஞ்சணத்திக் கட்டையும் கம்பெனித் துப்பாக்கியும்

போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்ப, மாமா திண்ணையில ஒரு பாட்டில் ஸ்பிரிட்டும் கிழிஞ்ச வேட்டித் துணியுமா உட்கார்ந்து எதையோ தேய்த்துக்கொண்டிருந்தார். கிட்டப் போய்ப் பார்த்தால் தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கியின் மரக்கட்டை! வாய் வழியா மருந்து போட்டுக் கெட்டிக்கிற ரகம். காட்டுப்பன்றி விரட்ட தாத்தா வாங்கிய லைசென்ஸ், அவருக்குப் பிறகு மாமா பேருக்கு மாறியது. குழல் தனியே சுவரில் சாய்ந்திருந்தது. கழற்றும் முன் கெட்டிக்கும் கம்பியை உள்ளே விட்டு, பிறகு வெளியே வைத்து அளந்து, பழைய மருந்து எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டாராம்.

"எதுக்கு மாமா இப்ப இது?"

"ஒப்படைக்கப் போறேன் மாப்ள. நம்ம காட்டைச் சுத்திக் காத்தாடியா நட்டாச்சு. ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் ஸ்டேஷன்ல கொண்டுபோய் வைக்கணும், திரும்ப அலைஞ்சு வாங்கணும். முடியல."

"ஒப்படைக்கிறதுக்கு எதுக்கு பாலிஷ்?"

"அழுக்காவா கொடுக்கச் சொல்ற?"

இதுக்கு என்கிட்ட பதில் இல்லை. நானும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

துப்பாக்கியை ஒப்படைப்பது எங்க கரிசல் சீமைக்குப் புதுசு இல்லை. கோவில்பட்டிக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில் இருக்கிறது கயத்தாறு. 1799 அக்டோபர் 16 அன்று அங்கேதான் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். அந்த மாதமே மேஜர் பானர்மேன் பாளையக்காரர்களின் கோட்டைகளை இடிக்கச் சொல்லி, ஆயுதம் வைத்திருப்பதையும் தடை செய்து அறிக்கை விட்டார். ஆனால் 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். இடிபட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மறுபடி எழும்பிவிட்டது. மார்ச் 31 அன்று தாக்கிய கம்பெனிப் படை தோற்றுத் திரும்பியது. மே 24-ல் கர்னல் அக்னியூ வந்துதான் கோட்டையைப் பிடிக்க முடிந்தது. மருது சகோதரர்கள், ஊமைத்துரை எல்லோரையும் தூக்கிலிட்ட பிறகு, 1801 டிசம்பர் 1-ல் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் பேரில் இன்னொரு அறிக்கை வந்தது. இனி தெற்கத்தி ஜனங்கள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று. 1803-ல் பாளையங்கள் ஜமீன்களாகிவிட்டன.

1857 கலகத்துக்கு அப்புறம் இந்தியா முழுக்க இதே கதை. லிட்டன் காலத்து 1878 ஆயுதச் சட்டப்படி இந்தியனுக்கு லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியனுக்கு வேண்டாம். அதற்குப் பதிலாக வந்த 1959 சட்டத்தில்தான் பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழித் துப்பாக்கி என்று தனியாக ஒரு வரி இருக்கிறது. தாத்தாவின் துப்பாக்கிக்கு வீட்டில் இடம் கொடுத்தது அந்த ஒரு வரி.

சரி, கட்டைக்கு வருவோம். மேல் பூச்சு அரக்கு பாலிஷ். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும், அதனால் அது சுலபமாக வந்துவிட்டது. அடியில் இருந்த கருஞ்சாயம்தான் உயிரை எடுத்தது. அது மரத்தின் கண்ணுக்குள்ளேயே இறங்கிவிடும். நான் வீரமாக முரட்டு உப்புத்தாளை எடுத்தேன். பக்கத்து வீட்டு ஆசாரித் தாத்தா கையைப் பிடித்துக்கொண்டார். "கோணம் மழுங்கிரும்யா, இரும்பு உட்கார்ற இடம் லூசாயிரும்." இரும்பு பதிகிற பள்ளங்களைத் தொடவே கூடாதாம். மற்ற இடத்தில் நைசான தாள், ரேகை ஓடுகிற வாக்கில் மட்டும். காஸ்டிக் சோடா போடலாமா என்று கேட்டேன். பார்த்த பார்வையே போதும், வாயை மூடிக்கொண்டேன். குழல் பட்ட இடத்தில் இருந்த கறுப்புத் திட்டு கடைசி வரை போகவில்லை. அது பூச்சே இல்லை, இரும்பும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்த கறை. கடுக்காயில் இரும்பு சேர்த்து மை செய்வார்களே, அதே சங்கதிதான்.

சாயம் போனதும் உள்ளே மஞ்சள்! ஆசாரித் தாத்தா சிரித்துவிட்டார். "மஞ்சணத்திய்யா இது. வெள்ளைக்காரன் கட்டை மாதிரி காட்டியிருக்கான்."

எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது. பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்த சிப்பாய்கள் கையில் இருந்தது 39 அங்குலக் குழல் வைத்த கம்பெனி மஸ்கட். அதன் கட்டை வால்நட் மரம், கறுத்த பழுப்பு. பின்னால் வந்த லீ என்ஃபீல்டுக்கும் வால்நட்தான், அதில் ஆளி விதை எண்ணெயை ஊற ஊறத் தேய்ப்பார்கள். இரண்டாம் உலகப் போரில் வால்நட் போதாமல் பீச், பிர்ச் மரங்களுக்குச் சாயம் ஏற்றி வால்நட் மாதிரி ஆக்கினார்கள். அதாவது வெள்ளைக்காரனும் இதே டகால்டி வேலையைச் செய்திருக்கிறான். ஆனால் எங்க ஊர் தச்சன் யாரோ, கரிசல் காட்டு ஓரத்தில் தானா முளைக்கிற மஞ்சணத்தியை வெட்டி, ஆயுதத்தைப் பிடுங்கினவன் துப்பாக்கி மாதிரியே தெரியணும் என்று மெனக்கெட்டிருக்கிறான். கோபமா, ஆசையா? ரெண்டும் இருந்திருக்கும்.

மறுபடி சாயம் ஏற்றலாமா என்று மாமாவைக் கேட்டேன். "வேண்டாம், இருக்கிறபடியே போகட்டும்" என்றார். ஆளி விதை எண்ணெய் மட்டும் மெல்லிசாக மூன்று முறை, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்தது. (அந்த எண்ணெய்த் துணியைக் கசக்கிச் சுருட்டிப் போட்டுவிடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடணும். தீப்பெட்டி ஊர்க்காரன் சொல்றேன், நம்புங்க.) தாத்தா கன்னம் பதித்த இடத்தில் மட்டும் பழைய கறுப்பு கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதை ரெண்டு பேருமே தேய்க்கவில்லை.

நேற்று ராத்திரி போன் பண்ணினேன். குழலை மாட்டியாச்சாம். ஸ்டேஷனுக்கு எப்பப் போறீங்கன்னு கேட்டேன்.

"எண்ணெய் இன்னும் காயலை மாப்ள" என்றார்.