பிரெஞ்சின் ஒரு பழைய வினையும் புங்குடுதீவுப் பிள்ளைகளும்

ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களை இட்டனர். வேலணை லெய்டன் ஆயிற்று. காரைநகர் அம்ஸ்டர்டாம் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் எனப்பட்டது. அவர்களுக்கு முன் போர்த்துக்கேயரும் பின் ஆங்கிலேயரும் தத்தம் மொழிகளோடு வந்தனர். இம்மூன்று மொழிகளும் ஆட்சியோடு தீவகத்துக்கு வந்து சேர்ந்தவை. பிரெஞ்சு மொழி அவ்வாறு வரவில்லை; தீவகத்தார்தான் அதனிடம் போய்ச் சேர்ந்தனர். 1980களில் மூண்ட போரும், 1991இல் புங்குடுதீவையே வெறுமையாக்கிய இடப்பெயர்வும் அவர்களில் ஒரு பகுதியினரைப் பாரிஸ் நகருக்கும் அதன் புறநகர்களுக்கும் கொண்டுசென்றன.

அங்கு சென்ற முதல் தலைமுறை பிரெஞ்சைக் காதால் கற்றது. உணவகங்களில் கோப்பை கழுவிய இடத்திலும் நள்ளிரவுத் துப்புரவுப் பணியிலும் கேட்ட சொற்களே அவர்களின் பாடநூல். அவர்களின் பிள்ளைகளோ பிரெஞ்சைப் பள்ளியில், புத்தகத்திலிருந்து கற்றனர். பெற்றோர் ஒருபோதும் கேட்டிராத ஒரு வினைவடிவத்தை அப்பிள்ளைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல்களில் சந்திக்கின்றனர். அதன் பெயர் சப்ஜோன்க்டிஃப் இம்பார்ஃபே. தமிழில் அதனை ‘இறந்தகாலச் சார்புவினை’ எனலாம். பிரெஞ்சுக்காரரே பேச்சில் கைவிட்டுவிட்ட இவ்வடிவத்தின் வரலாற்றில் நமக்கும் ஒரு பாடம் உண்டு.

முதலில் அது என்னவென்று பார்ப்போம். விருப்பம், ஐயம், அச்சம், தேவை ஆகியவற்றைச் சொல்லும் ஒரு வினையைச் சார்ந்து இன்னொரு வினை வரும்போது, பிரெஞ்சில் அந்த இரண்டாவது வினை தனி உருவம் கொள்ளும். முதல் வினை இறந்தகாலத்தில் இருந்தால், சார்ந்து வரும் வினையும் இறந்தகால உருவம் பெற வேண்டும் என்பது பழைய விதி. ‘அவன் பேச வேண்டும் என்று விரும்பினேன்’ என்பதை அவ்விதிப்படி ‘ழ வுலே கில் பார்லா’ என்று எழுத வேண்டும். இன்றைய பிரெஞ்சுக்காரர் ‘ழ வுலே கில் பார்ல்’ என்று நிகழ்கால உருவத்தையே சொல்லிவிட்டுப் போகிறார்.

தமிழருக்கு இவ்விதி விந்தையாகத் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. ‘பேச’ என்னும் நம் செயவெனெச்சம் இவ்விடத்தில் காலம் காட்டுவதில்லை. விரும்பினேன், விரும்புகிறேன், விரும்புவேன் என எது வந்தாலும் ‘பேச’ மாறாது நிற்கும். பிரெஞ்சின் பழைய விதியோ முன்னதன் காலத்தைப் பின்னதும் சுமக்க வேண்டும் என்றது.

இவ்வடிவத்தை அமைக்கும் முறை அஞ்சத்தக்கதன்று. எழுத்துநடைக்குரிய எளிய இறந்தகாலமான பாசே சாம்ப்ளில் முன்னிலை ஒருமை உருவத்தை எடுத்துக்கொண்டு, அதனோடு ஈறுகளைச் சேர்க்க வேண்டும். பேசுதல் என்னும் வினை பார்லாஸ், பார்லாஸ், பார்லா, பார்லாசியோன், பார்லாசியே, பார்லாஸ் என்று ஆறு இடங்களுக்கும் விரியும். அடிச்சொல்லின் உயிரொலியைக் கொண்டு எல்லா வினைகளும் நான்கு வகைக்குள் அடங்கிவிடும். படர்க்கை ஒருமையில் மட்டும் உயிரெழுத்தின் தலைமேல் கூரை போன்ற ஒரு குறி இடப்படும். ‘இருந்தது’ எனப் பொருள்படும் ஃபூ என்னும் சொல்லுக்கும் அதன் சார்புவினை உருவத்துக்கும் காதில் வேறுபாடில்லை. அக்கூரை ஒன்றே வேறுபாடு. 1990ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தம் பல சொற்களில் இக்குறியை விருப்பத்துக்கு விட்டபோதும், இங்கே அதனைக் கட்டாயமாகவே வைத்திருந்தது.

இவ்வடிவம் இலத்தீனிலிருந்து வந்தது. இலத்தீன் இலக்கணத்தில் முன்னதற்கும் முன்னான இறந்தகாலத்தைக் காட்டிய சார்புவினை, பேச்சில் தேய்ந்து பிரெஞ்சில் இவ்வுருவம் பெற்றது. ஆனால் இதற்கு அடித்தளமான பாசே சாம்ப்ள் காலப்போக்கில் அன்றாடப் பேச்சிலிருந்து மறைந்தது. அடித்தளம் சரிந்தபின் மேற்கட்டடம் நிற்குமா? ஓசையும் எதிராயிற்று. ‘ஆஸ்’ என்னும் ஈறு இழிவுப் பொருள் தரும் பல சொற்களிலும் வருவது. பயனற்ற கடதாசிக் குவியலைக் குறிக்கும் ‘பாப்பராஸ்’ அவற்றுள் ஒன்று. ஆகவே தன்மைப் பன்மையிலும் முன்னிலையிலும் இவ்வடிவம் நகைப்புக்கு இடமாயிற்று.

அரசும் இதனை உணர்ந்தது. கல்வி அமைச்சராக இருந்த ஜார்ஜ் லேக் 1901 பெப்ரவரி 26ஆம் நாள் வெளியிட்ட ஆணை, சில இடங்களில் இறந்தகால உருவத்துக்குப் பதிலாக நிகழ்கால உருவம் எழுதினாலும் தேர்வில் பிழையாகக் கொள்ளலாகாது என்றது. 1976 டிசம்பர் 28ஆம் நாள் வந்த இன்னோர் ஆணை அச்சலுகையை மேலும் விரித்தது. மொழிப்பெருமையில் எவருக்கும் குறையாத ஒரு நாடு, தன் இலக்கணத்தின் ஒரு தூணைப் பிள்ளைகளின் தலையில் ஏற்றாமல் இறக்கி வைத்தது.

ஆயினும் அவ்வடிவம் மதிப்புக்குரிய அணியாகச் சிலரிடம் எஞ்சியது. செனகல் நாட்டின் முதல் குடியரசுத் தலைவரான லெயோபோல்ட் செங்கோர், 1935இல் பிரெஞ்சு இலக்கணத்துக்கான உயர் ஆசிரியத் தேர்வில் தேறிய முதல் ஆபிரிக்கர். ஆளப்பட்டவர் ஆண்டவரின் மொழியை அவரினும் திறம்படக் கையாண்ட வரலாறு அது. 1983இல் அவரைப் பிரெஞ்சுக் கழகம் உறுப்பினராகத் தெரிந்தெடுத்தது. மறுமுனையில், குடியேறிகளுக்கு எதிரான அரசியலைத் தலைமை தாங்கி நடத்திய ழான் மரி லெ பென்னும் தம் உரைகளில் இறந்தகாலச் சார்புவினையை விரும்பிக் கையாண்டார். ‘யார் உள்ளே, யார் வெளியே’ என்று காட்டும் வேலியாகவும் இலக்கணம் பயன்படும் என்பதற்கு இது சான்று.

அந்த வேலியைத் தமிழர் முன்னரும் கடந்திருக்கின்றனர். புதுச்சேரியில் மிஷன் அச்சகம் முசே, துய்ப்புய் என்னும் இரு குருமாரின் தமிழ்-பிரெஞ்சு அகராதியை 1855இலும் 1862இலும் இரு தொகுதிகளாக வெளியிட்டது. யாழ்ப்பாணத்துக்கு 1847 தொடக்கம் அமலமரித் தியாகிகள் சபைக் குருமார் வந்தனர். பிரான்சில் பிறந்த பொன்ஜீன் ஆண்டகை அவர்களுள் புகழ்பெற்றவர். ஆனால் அவர்கள் வளர்த்த பள்ளிகள் ஆங்கிலத்தையே பயிற்றின.

தீவகத்திலிருந்து பாரிஸ் அறிஞர் அவைக்குத் தமிழைக் கொண்டுசென்ற பெருமை ஊர்காவற்றுறைக் கரம்பனில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகளாருக்கு உரியது. 1964இல் புதுதில்லியில் அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றம் அமைந்தபோது பிரெஞ்சு அறிஞர் ழான் ஃபிலியோசா அதன் தலைவரானார். அடிகளார் செயலாளர்களுள் ஒருவரானார். மன்றத்தின் மூன்றாவது மாநாடு 1970 ஜூலையில் பாரிஸ் நகரின் கொலேஜ் த பிரான்சில் கூடியது.

அதன்பின் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அதே நகருக்கு அதே தீவகத்தார் அகதிகளாய் வந்தனர். தஞ்சம் கோருவோர் தம் வாழ்க்கைக் கதையைப் பிரெஞ்சில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது அகதிகள் அலுவலகத்தின் விதி. சொன்னவர் ஒருவர், எழுதியவர் வேறொருவர். தன் கதை தன் கையெழுத்துக்குமேல் என்ன சொல்கிறது என்பதைத் தானே வாசிக்க இயலாதோர் எத்தனையோ பேர். இன்று விதிகள் மேலும் இறுகியுள்ளன. 2024 ஜனவரிச் சட்டத்தின்படி, 2026 ஜனவரி முதல் பிரெஞ்சுக் குடியுரிமை கோருவோர், ஐரோப்பிய மொழித்தர வரிசையில் பி2 எனப்படும் நான்காம் படியை எட்ட வேண்டும். அறுபது வயதில் விண்ணப்பிக்கும் ஒரு தீவகத் தாய்க்கு அது சிறிய படியன்று. அவர் அறியவேண்டியது ஒன்று: நாவல்களில் வரும் அந்தப் பழைய வினை அவருடைய பாதையில் நிற்கவில்லை. பிரெஞ்சுக்காரரே சொல்லாத ஒன்றைச் சொல்லத் தெரியவில்லையே என்று எவரும் நாண வேண்டியதில்லை.

பிள்ளைகளுக்கு வருவோம். பிரெஞ்சுப் பள்ளி இன்று இவ்வடிவத்தைப் பெரும்பாலும் படர்க்கையில், வாசிக்கும்போது அடையாளம் காணும் அளவுக்கே கற்பிக்கிறது. எழுதிக் காட்டு என்று வற்புறுத்துவதில்லை. பழைய நூல்களின் கதவு திறந்திருக்க இதுவே போதும் என்பது அவர்கள் கண்ட வழி.

தமிழிலும் நமக்கு இதே சிக்கல் உண்டு. நாம் ‘வாறன்’ என்று பேசி ‘வருகிறேன்’ என்று எழுதுகிறோம். ‘செல்க’, ‘வாழ்க’ என்னும் வியங்கோள் நம் பேச்சில் வழங்குவதில்லை. மேடையிலும் வாழ்த்திலும் வாழ்கிறது. ‘வீவ் லா பிரான்ஸ்’ என்று பிரெஞ்சுக்காரர் முழங்கும் வாழ்த்தும் சார்புவினையே என்பது கருதத்தக்கது. வியங்கோள் தன்மையிலும் முன்னிலையிலும் நிலைபெறாது என்றார் தொல்காப்பியர். எல்லா இடத்திலும் வரும் என்றார் பிற்காலத்து நன்னூலார். வழக்கு மாறியபோது இலக்கணமும் அதனைத் தொடர்ந்தது.

பாரிசில் பிறந்த புங்குடுதீவுப் பிள்ளைக்கு அப்பம்மாவின் பேச்சு விளங்கும். ஆனால் அதே ஊரின் மு. தளையசிங்கத்தையும் சு. வில்வரத்தினத்தையும் கையில் கொடுத்தால் பலர் முதல் பக்கத்திலேயே நின்றுவிடுவர். மக்கள் அகன்றபின் வெறிச்சோடிய ஊரைப் பாடிய ‘காற்றுவெளிக் கிராமம்’ 1995இல் வந்தது. அது அப்பிள்ளையின் பெற்றோர் விட்டுவந்த ஊரின் கதை. ஃபுளோபேரின் நாவலில் கூரைக்குறியைக் கண்டு பொருள் கொள்ளும் பிள்ளைக்கு இந்நூல் மூடிய நூலாக இருக்கலாமா?

புலம்பெயர் நாடுகளின் தமிழ்ப் பள்ளிகள் பிள்ளைகளைச் செந்தமிழில் கட்டுரை எழுதவும் மேடையில் முழங்கவும் பழக்குகின்றன. எழுதத் தடுமாறும் பிள்ளை வெட்கமுற்று வகுப்பையே விட்டு விலகுகிறது. பிரெஞ்சுக்காரர் தம் பழைய வினைக்குச் செய்ததை நாமும் செய்யலாம். பேச்சு வீட்டுத் தமிழாகவே இருக்கட்டும். பழைய வடிவங்களை வாசித்து இனங்காண மட்டும் முதலில் கற்பிப்போம். வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஒருநாள் தானே எழுதவும் கூடும். எழுதாவிட்டாலும், வாணர் பாலத்தைக் கடந்து ஊருக்குப் போகும் நாளில் அந்த ஊரின் நூல்கள் அதற்கு அந்நியமாக இரா.