போத்தனூர் வழி

கோயம்புத்தூருக்கு முதலில் ரயில் வரவில்லை, போத்தனூருக்குத்தான் வந்தது. மெட்ராஸ் ரயில்வே கம்பெனிக்காரர்கள் 1862இல் சென்னையையும் மேற்குக் கரையில் பேப்பூரையும் இணைத்தபோது அவர்கள் கண்ணெல்லாம் பாலக்காட்டுக் கணவாய் மேல் இருந்தது. மலை விலகி வழிவிடும் அந்த இடத்தைக் குறிவைத்து இருகூரிலிருந்து நேரே போத்தனூருக்குப் பாதை போட்டார்கள். வடக்கே தள்ளியிருந்த ஜில்லாத் தலைநகரம் அவர்கள் கணக்கில் இல்லை. 1873இல் போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் கிளைப் பாதை போட்டபோது, போகிற போக்கில் கோயம்புத்தூருக்கும் ஒரு ஸ்டேஷன் கிடைத்தது. அதுவும் நீலகிரிக் காப்பியும் தேயிலையும் கீழே வரவும், வெள்ளைக்காரர்கள் மேலே போகவும் போட்ட பாதை.

பீளமேடு, சிங்காநல்லூர் வழியாக இருகூரைச் சேரும் சுற்றுப் பாதை பிற்காலத்தில் வந்தது. கேரளா போகும் எக்ஸ்பிரஸ்கள் ஊருக்குள் வராமல் போத்தனூர் வழியாக நழுவிப் போவதை எதிர்த்து எங்கள் ஊரில் எத்தனையோ மனு, எத்தனையோ போராட்டம். கூட்ஸ் வண்டி ஊருக்குள் வரவில்லை என்று யாரும் கொடி பிடித்ததில்லை. அது பாட்டுக்கு அந்தப் பழைய பாதையில் போய்க்கொண்டிருக்கிறது. பத்து ரூபாய் பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிக்கொண்டு நானும் பேரனும் இருகூரில் போய் உட்காருவது அதனால்தான்.

மகள் வயிற்றுப் பேரன், ஆறு வயது. வந்தே பாரத் போனால் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப முறுக்குத் தின்னப் போய்விடுவான். கூட்ஸ் என்றால் எழுந்து நின்றுவிடுவான். "அப்புச்சி, பாக்ஸ்.என்.னுங்க! காலியாப் போகுதுங்க!" பாக்ஸ்.என். என்பது ஒரு வகைச் சரக்கு வேகன். காலி என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். சத்தத்தில் தெரியுமாம். சுமை ஏறிய பெட்டி ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு கனமாக உருளும். காலிப் பெட்டி கிடுகிடுவென்று ஆடும். அவன் சொன்ன பிறகு நானும் காது கொடுத்துக் கேட்டேன். சரிதான்.

வேகன் பக்கவாட்டில் வெள்ளையில் எழுதியிருக்கும் 11 இலக்க எண்ணை அவனுக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவன் அப்பா. முதல் இரண்டு இலக்கம் என்ன வகை வேகன் என்று சொல்லும்: 30க்கு மேலே என்றால் மூடிய பெட்டி, 40க்கு மேலே போனால் டேங்கர். அடுத்த இரண்டு எந்த ரயில்வேக்குச் சொந்தம் என்பது. 06 என்றால் நம் தெற்கு ரயில்வே. அதற்கடுத்த இரண்டு, செய்த வருஷம். பிறகு நான்கு இலக்கம் அந்த வேகனுக்கே உரிய எண். கடைசி இலக்கம், மற்றதைத் தப்பாக எழுதியிருந்தால் காட்டிக்கொடுக்க. வண்டி வேகமாகப் போனால் அவனால் மூன்று நான்கு பெட்டிதான் படிக்க முடியும். சிக்னலுக்கு நின்றுவிட்டால் அன்றைக்குத் திருவிழாதான்.

அவனுக்கு வேகன் விளையாட்டு. எங்கள் குடும்பத்துக்கு அது சோறு. என் அப்பா போத்தனூரில் மூட்டை தூக்கினார். 1915இல் போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்குப் போட்ட பாதை மீட்டர் கேஜ். சென்னைப் பாதையோ அகலப் பாதை. இந்தத் தண்டவாளத்து வண்டி அந்தத் தண்டவாளத்தில் ஏறாது. பொள்ளாச்சியிலிருந்து வருகிற வெல்லமும் கடலையும் தேங்காயும் சென்னைப் பக்கம் போக வேண்டுமென்றால், ஒவ்வொரு மூட்டையையும் ஒரு வண்டியிலிருந்து இறக்கி அடுத்த வண்டியில் ஏற்ற வேண்டும். தலையில் சும்மாடு, கையில் கொக்கி. வெல்லம் ஏற்றிய நாளில் அப்பா வீட்டுக்குள் நுழையும் முன்பே எறும்பு நுழைந்துவிடும் என்பாள் அம்மா. இரண்டு தண்டவாளத்துக்கும் அகல வித்தியாசம் 68 சென்டிமீட்டர் கூட இல்லை. அந்த இடைவெளியில் எத்தனை குடும்பம் பிழைத்தது! 2017இல் பொள்ளாச்சிப் பாதை அகலப் பாதையாக மறுபடி திறந்தது. நல்ல காரியம்தான். மூட்டை மாற்றிய காலத்தைப் பற்றி இப்போது போத்தனூரில் கேட்டால் என் வயதுக்காரர்கள்தான் பேசுவார்கள்.

போத்தனூர் ஒரு காலத்தில் கோட்டத் தலைமையிடம் என்பதும் பலருக்குத் தெரியாது. 1956இல் அது ஒலவக்கோட்டுக்கு, அதாவது இன்றைய பாலக்காட்டுக் கோட்டத்துக்குப் போனது. 2007இல் சேலம் கோட்டம் பிறந்த பிறகுதான் எங்கள் ஊர் ரயில் விவகாரம் தமிழ்நாட்டுக்குள்ளேயே இருக்கும் அலுவலகத்துக்கு வந்தது.

ரயில் வந்ததும் நாடு செழித்தது என்று பள்ளிப் புத்தகத்தில் படித்தோம். தாது வருஷப் பஞ்சத்தை அதோடு சேர்த்துப் படித்தால் பாதிதான் சரியாக வருகிறது. 1876 முதல் 1878 வரை நீண்ட அந்தப் பஞ்சத்தில் சேலமும் கோயம்புத்தூரும் மோசமாக அடிபட்ட ஜில்லாக்கள். ரயில் பாதை போட்டு 14 வருஷம் ஆகியிருந்தது. சென்னையில் கப்பல் கப்பலாக அரிசி இறங்கியது. கடற்கரையில் மூட்டை மலையாகக் குவிந்தது. அள்ளிக்கொண்டு போக வண்டி போதவில்லை. வண்டி வந்து சேர்ந்த ஊரிலும், வானம் பார்த்த காட்டை நம்பியிருந்தவன் கையில் அந்த விலைக்கு வாங்கக் காசில்லை. கூட்ஸ் வண்டி தானியத்தைக் கொண்டுவந்து இறக்கும். பசிக்கிறவன் வீடு வரைக்கும் அது வராது.

இன்னொன்றையும் போத்தனூர் பார்த்திருக்கிறது. 1921 நவம்பரில், மாப்பிளாக் கலகத்தில் பிடிபட்ட ஏறக்குறைய நூறு கைதிகளைத் திரூரில் ஒரு மூடிய சரக்குப் பெட்டியில் அடைத்து, பெல்லாரிச் சிறைக்கென்று அனுப்பினார்கள். சாமான் ஏற்றுகிற பெட்டி. காற்று போக வழியில்லை. உள்ளேயிருந்து தட்டினார்கள், தண்ணீர் கேட்டுக் கத்தினார்கள். வழியில் எந்த ஸ்டேஷனிலும் கதவு திறக்கவில்லை. திறந்தது போத்தனூரில். அதற்குள் பெரும்பாலானவர்கள் செத்திருந்தார்கள்; பிழைத்தவர்களிலும் சிலர் பிறகு இறந்தார்கள், கடைசிக் கணக்கு எழுபதை ஒட்டி வந்தது. பிணங்களை அதே பாதையில் திரூருக்குத் திருப்பி அனுப்பினார்கள். திரூரில் அதன் நினைவாக நகர மண்டபம் கட்டியிருக்கிறார்கள். கேரளத்தில் வேகன் என்ற சொல்லைக் கேட்டாலே இதை நினைப்பவர்கள் உண்டு. கோயம்புத்தூர்க்காரர்களுக்கு, அந்தக் கதவு நம் ஊரில் திறந்தது என்பதே தெரியாது. அப்பா காலத்துச் சுமைக்காரர்கள் இதைத் தங்களுக்குள் மெல்லப் பேசிக்கொள்வார்கள். பேரனிடம் நான் இன்னும் சொல்லவில்லை. வேகனில் ஆள் ஏறலாமா என்று ஒரு நாள் கேட்டான். கூடாது சாமி என்றேன்.

நான் மூட்டை தூக்கவில்லை. சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் பஞ்சு குடோன் கிளார்க். 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய மில்லில் ஆரம்பித்து, 1932இல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு இங்கே மில்கள் பெருகிய கதையை எல்லோரும் எழுதியாகிவிட்டது. தண்ணீர், தட்பவெப்பம், உழைப்பு, முதலாளியின் சாமர்த்தியம் என்று காரணம் அடுக்குவார்கள். மகாராஷ்டிரத்திலிருந்தும் குஜராத்திலிருந்தும் பஞ்சு பேல் எதில் வந்தது என்று யாரும் எழுதுவதில்லை. வேகனில் வந்தது. கதவில் கம்பியும் ஈய முத்திரையும் இருக்கும். முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கதவைத் திறப்போம். திறந்ததும் அடைந்து கிடந்த பஞ்சின் சூடு முகத்தில் அடிக்கும். எண்ணெய் வாடை மாதிரி ஒன்று. ஒரு பேல் 170 கிலோ. இரும்புப் பட்டை அறுந்திருந்தால் தனியே ஒதுக்கி எடை போடுவோம், இல்லாவிட்டால் ஆடிட்டில் என் தலை உருளும்.

அந்தக் காலத்தில் மில்காரர் ஒரு வேகன், இரண்டு வேகன் என்று புக் செய்யலாம். வழியில் யார்டுகளில் வண்டியைப் பிரித்துச் சேர்த்து அனுப்புவார்கள். வந்து சேர எத்தனை நாளாகும் என்று சொல்ல முடியாது. யார்டில் வேகன் காணாமல் போனது போலக் கிடக்கும். 1980களில் ரயில்வே அந்த வேலையே வேண்டாம் என்று முடிவு கட்டியது. முழு வண்டி நிறையச் சரக்கு இருந்தால் வா, இல்லாவிட்டால் லாரியைப் பார் என்ற கொள்கை. நிலக்கரிக்கும் சிமெண்டுக்கும் அரிசிக்கும் அது பொருந்தும். அதில் ரயில்வேக்கு லாபம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு வேகன் பஞ்சு வாங்குகிற மில்லும், நாலு பெட்டி மோட்டார் பம்பு அனுப்புகிற பட்டறையும் அன்றோடு தண்டவாளத்தை விட்டு இறங்கின. கொங்கு நாடு சிறு முதலாளிகளின் நாடு. முழு வண்டிக்குச் சரக்கு வைத்திருப்பவர் இங்கே எத்தனை பேர்?

வைத்திருந்தது மதுக்கரை. 1934 முதல் அங்கே சிமெண்டு ஆலை. வாளையாறு பக்கத்துச் சுண்ணாம்புக் கல்லில் ஓடிய ஆலை அது. தண்டவாளத்தை ஒட்டியே அமைந்ததால் சிமெண்டு மூட்டைக்கு ரயில் கைக்கெட்டும் தூரம். பெட்ரோலியமோ வேறு பக்கம் திரும்பியது. 2002இல் கொச்சியிலிருந்து கோயம்புத்தூர் வழியாகக் கரூர் வரை குழாய் போட்டார்கள். டேங்கர் வண்டிகள் செய்த வேலையில் பெரும்பங்கை மண்ணுக்கடியில் கிடக்கும் குழாய் எடுத்துக்கொண்டது. இருகூரில் டேங்கர் வரிசை போகும்போது பேரனுக்கு இரட்டிப்புச் சந்தோஷம், அபூர்வமாகிவிட்டதே.

அவனுக்குள்ள ஒரே மனக்குறை கார்டு பெட்டி. கடைசியில் தனியே ஒட்டிக்கொண்டு வரும் அந்தச் சின்னப் பெட்டியும், திண்ணை போன்ற அதன் முகப்பில் பச்சைக் கொடியோடு நிற்கும் ஆளும்தான் அவனுக்கு வண்டியின் உச்சக்கட்டம். 2022இல் கார்டு என்ற பதவிப் பெயரை டிரெயின் மேனேஜர் என்று மாற்றினார்கள். சில வண்டிகளில் பெட்டியையே எடுத்துவிட்டு, கடைசி வேகனில் ஒரு கருவியைப் பொருத்துகிறார்கள். வண்டி அறுந்து பிரிந்தால் அது இன்ஜினுக்குத் தகவல் சொல்லிவிடும். "அது டாட்டா காட்டாதுங்களே" என்பது அவன் வாதம். என்னிடம் பதில் இல்லை.

இப்போது எங்கள் பக்கம் வரும் கூட்ஸில் எனக்குச் சுவாரசியமானது மக்காச்சோளம். நாமக்கல், பல்லடம் கோழிகளுக்கு உள்ளூர் விளைச்சல் போதாது. பீகாரிலிருந்து வண்டி வண்டியாக வருகிறது. 42 மூடிய பெட்டி, 2,500 டன்னுக்கு மேல் சுமை. சேலம்–கரூர் பாதை 2013இல் திறந்ததும் நாமக்கல்லுக்கே ஸ்டேஷன் கிடைத்தது. தீவனம் நேராக அங்கேயே இறங்குகிறது. ஒரு தடவை பேரனை அங்கே கூட்டிப் போனேன். கதவைத் திறந்ததும் ஓட்டைச் சாக்கிலிருந்து மஞ்சளாகக் கொட்டியது. இரண்டு பெண்கள் சிந்தியதைக் கூட்டி முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தார்கள். புறாக்கள் அவர்களுக்குப் பயப்படவில்லை. இறக்கி முடிந்ததும் வண்டி காலியாகத் திரும்பும். கோயம்புத்தூர்ப் பக்கமும் பெரும்பாலும் இதுதான் நிலைமை: சரக்கோடு வருகிறது, கிடுகிடுத்துக்கொண்டு போகிறது. நாம் செய்கிற பொருளெல்லாம் நெடுஞ்சாலையில் போகிறது.

அந்த மக்காச்சோளம் முட்டையாகிக் கேரளத்துக்குப் புறப்படுவதும் லாரியில்தான். பாலக்காட்டு ரோட்டில் முட்டை லாரி எதிரே வந்தால் பேரனுக்குக் காட்டுவேன். நம்பரைப் பார்ப்பான். 11 இலக்கம் இல்லை. திரும்பிக்கொள்வான்.