எடை சொல்லாத வரலாறு

2004இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இரு மருத்துவர்களின் நிழற்படம் வெளிவந்தது. ஒருவர் புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக். மற்றவர் லண்டனின் ஜான் எஸ். யுட்கின். உடல் நிறை குறியீட்டெண் இருவருக்கும் 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. யுட்கின் மாரத்தான் ஓடுபவர். எனினும் இவ்வேற்றுமை முழுவதையும் உடற்பயிற்சியின் கணக்கில் எழுதிவிட இயலாது.

புனேயை அடுத்த ஆறு சிற்றூர்களில் 1993இல் யாஜ்னிக் குழுவினர் தாய்மார் ஊட்டம் குறித்த ஆய்வைத் தொடங்கியிருந்தனர். அங்குப் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. புனேக் குழந்தைகளிடம் தசையும் வயிற்றுள்ளுறுப்புகளும் குன்றியிருந்தன. உடற்கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை.

ஒல்லியான நம்மவரையும் நீரிழிவு நாடுவதன் காரணங்களுள் ஒன்று கருவறையிலேயே தொடங்குகிறது. நாற்பது வயதில் தடுப்பைத் தொடங்குதல் தாமதம். வளரிளம் பெண்ணின் உணவுத்தட்டிலேயே அது தொடங்கவேண்டும்.