குவாய் நதிப் பாலம்: கதையும் கணக்கும்

சரித்திரப் படம் பார்த்துவிட்டு வருகின்றவர்களை, அதில் என்ன பிழை கண்டீர்கள் என்று கேட்டால், பெரும்பாலோர் கண்ணில் பட்டதையே சொல்லுவர். அரசனின் மணிக்கட்டில் கடிகாரத் தழும்பு தெரிந்தது என்பார் ஒருவர். போர்க்களத்துக்குப் பின்னால் மின்கம்பம் நின்றது என்பார் இன்னொருவர். சோழர் காலத்து விருந்திலே பச்சை மிளகாய் இருந்தது, மிளகாயோ போர்த்துக்கீசியர் வந்த பின்னரே இந்திய மண்ணுக்கு வந்த பொருள் என்று விவரம் அறிந்தவர் எடுத்துக் காட்டுவார். இவையெல்லாம் பிழைகளே. ஆயினும் கூர்ந்த பார்வையுள்ள பள்ளிச் சிறுவனே கண்டுபிடித்துவிடக் கூடியவை. எவருக்கும் பெருத்த நட்டம் விளைக்காதவை.

இவற்றினும் பெரியதொரு பிழை உண்டு. அதைத் திரையில் எவ்வளவு உற்று நோக்கினாலும் காண முடியாது. ஏனெனில், இருந்திருக்க வேண்டியவர் அங்கே இல்லாமற் போனதே அப்பிழை. தோட்டத்துப் பிரட்டுக் களத்தில் கிராணி பெயர் கூப்பிடும்போது வந்து நிற்பவரை எவரும் எண்ணிவிடலாம். வராதவர் யார் என்று சொல்ல முழுப் பட்டியல் கையில் இருக்க வேண்டும். மலாயாத் தமிழருக்கு மிக நெருங்கிய ஒரு கதையைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

உலகமெங்கும் பேர்போன அந்தப் படம் ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’. டேவிட் லீன் டைரக்ட் செய்து 1957 இல் வெளிவந்தது. அவ்வாண்டுக்கான ஆஸ்கார் பரிசுகளில் ஏழினைப் பெற்றது. அதற்கு மூலமான நாவலைப் பிரெஞ்சு மொழியில் பியேர் பூல் 1952 இல் வெளியிட்டார். 1954 இல் ஆங்கிலத்தில் வந்தது. ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போட்டபோது, பிடிபட்ட பிரிட்டிஷ் படையினரைக் கொண்டு ஒரு பாலம் கட்டிய கதை அது. கைதிகளின் தலைவரான கர்னல் நிக்கல்சன், தம்மவரின் திறமையைக் காட்டும் வெறியில், பகைவனுக்கே உறுதியான பாலம் கட்டித் தருகிறார். அதைத் தகர்க்க ஒரு கமாண்டோக் குழு காட்டு வழியே வருகிறது. நடிப்பிலும் கதைப் போக்கிலும் சிறந்த படம் என்பதை மறுப்பதற்கில்லை.

முதலில் ஆற்றைப் பார்ப்போம். சயாமிய மொழியில் ‘குவே’ என்றால் கிளையாறு. ரயில் பாதை நெடுந்தூரம் ‘குவே நொய்’ எனும் சிற்றாற்றின் கரையை ஒட்டிச் செல்வதால், பாலமும் அதன்மீதுதான் இருக்கும் என்று நாவலாசிரியர் கொண்டார். உண்மையில், காஞ்சனபுரிக்கு அருகே தாமக்கானில் உள்ள பெரிய பாலம் மே குலோங் ஆற்றின்மீது நிற்கிறது. படம் வந்தபின் வெளிநாட்டார் பலர் வந்து குவாய் நதிப் பாலம் எங்கே என்று கேட்கத் தொடங்கினர். சயாமியர் ஒரு வழி கண்டனர். 1960 இல் மே குலோங்கின் மேற்பகுதிக்குக் ‘குவே யாய்’, அதாவது பெரிய கிளையாறு, என்று பெயரை மாற்றிவிட்டனர். கதையைத் திருத்துவதைவிட ஆற்றைத் திருத்துவது எளிதாயிற்று போலும்!

அடுத்தது பாலம். படத்தில் அது மலைப் பள்ளத்தாக்கின் நடுவே எழும் மரப்பாலம். படப்பிடிப்பு நடந்த இடம் இலங்கையில் களனி ஆற்றங்கரையிலுள்ள கித்துல்கல. உண்மைப் பாலம் நிற்பதோ சமநிலத்தில். அங்கே இரண்டு பாலங்கள் கட்டப்பட்டன. 1943 தொடக்கத்தில் தற்காலிகமாக ஒரு மரப்பாலம். சில மாதங்களுக்குப் பின் கற்காரைத் தூண்கள்மீது இரும்புப் பாலம். அதன் வளைந்த இரும்புச் சட்டங்கள் ஜாவாவிலிருந்து கழற்றிக் கொண்டுவரப்பட்டவை. ஆனால் மரப்பாலம் காட்டியதை முழுப் பொய் என்றும் தள்ளிவிடலாகாது. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் அறுநூறுக்கு மேற்பட்ட பாலங்கள் இருந்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை மரத்தாலானவையே.

பாலத்தை வரைந்தவர் யார் என்பதில் பிழை சற்றுக் கடுமையாகிறது. ஜப்பானிய எஞ்சினீயர்களுக்கு வேலை தெரியவில்லை, பிரிட்டிஷ் அதிகாரிகள்தாம் இடம் மாற்றிக் கணக்குப் போட்டுக் கட்டிக் கொடுத்தனர் என்கிறது படம். ஜப்பானிய இராணுவத்தின் 5 ஆவது, 9 ஆவது ரயில்வே ரெஜிமெண்டுகள் இப்பாதையை முறையாக அளந்து, திட்டமிட்டு, நடத்தி முடித்தன என்பதே சரித்திரம். அவர்களிடம் இல்லாதது இரக்கமே. எஞ்சினீயரிங் அறிவுக்குக் குறைவில்லை. வேலை தெரியாதவன் என்று பகைவனை நகைப்புக்கு இடமாக்கினால், அவன் தெரிந்தே செய்த கொடுமையின் கனம் குறைந்துவிடுகிறது.

நிக்கல்சன் விஷயமும் அப்படிப்பட்டதே. தாமக்கான் முகாமில் கைதிகளுக்கு மூத்த அதிகாரியாயிருந்தவர் லெப்டினன்ட் கர்னல் பிலிப் டூசி. தம் ஆட்களின் உயிரைக் காக்க ஜப்பானியரிடம் ஓயாது வாதாடி, உணவும் ஓய்வும் சிறிதேனும் பெற்றுத் தந்தவர் அவர். பகைவனுக்குப் பாலம் கட்டிப் பெருமைப்பட்டவர் அல்லர். அவர் ஆட்கள் மரத்தூண்களில் கறையானைச் சேர்த்தும், கற்காரைக் கலவையைக் கெடுத்தும் வேலையைப் பழுதாக்கினர். படத்தில் கொடிய கர்னலாக வரும் ‘சைத்தோ’ என்ற பெயருடையவர் ஒருவர் அங்கே உண்மையில் இருந்தார். அவர் கர்னல் அல்லர்; சார்ஜன்ட் மேஜர். மற்றக் காவலரை நோக்க மனிதத் தன்மை உள்ளவர் என்று பெயர் பெற்றிருந்தமையால், போர் முடிந்ததும் டூசியே அவருக்காகப் பரிந்து பேசினார். டூசி 1975 இல் காலமானார். அவர் சமாதியைக் காண 1984 இல் சைத்தோ இங்கிலாந்து சென்றார். கற்பனைக் கதையினும் இவ்வுண்மைக் கதை சிறந்ததன்றோ! பியேர் பூல் தாம் அறிந்த பிரெஞ்சு அதிகாரிகள் சிலரை மனத்தில் வைத்தே நிக்கல்சனைப் படைத்ததாகச் சொல்லியிருக்கிறார். எனினும் டூசியின் கீழிருந்த வீரர்கள், தங்கள் தலைவரை உலகம் நிக்கல்சன் என்று எண்ணிவிடுமே என மனம் புழுங்கினர்.

பாலத்தின் முடிவு நாவலில் ஒருவிதம், படத்தில் ஒருவிதம். நாவலில் பாலம் நிலைத்து நிற்கிறது. ரயில் மட்டும் கவிழ்கிறது. படத்தில் முதல் ரயிலோடு பாலமும் நொறுங்கி ஆற்றில் வீழ்கிறது. நாவலில் ஆங்கிலேயராக இருந்த ஷியர்ஸ் படத்தில் அமெரிக்கராகிவிட்டார். அமெரிக்க ரசிகர்களை நினைத்துச் செய்தது போலும். நடந்தது யாதெனில், 1943 அக்டோபரில் இரு முனைகளிலிருந்தும் வந்த பாதைகள் இணைந்து, ரயில்கள் ஓடின. பாலத்தை எந்தக் கமாண்டோவும் தகர்க்கவில்லை. 1945 இல் நேச நாட்டு விமானங்கள் குண்டு வீசி அதன் சில கண்களை வீழ்த்தின. இன்று அங்கே நடப்போர் வளைவான சட்டங்களுக்கு நடுவே நேர்கோடாக இரண்டு சட்டங்களைக் காணலாம். அவை போருக்குப் பின் பொருத்தியவை.

கதாசிரியர்களுக்கு இவ்வளவு கூட உரிமை கிடையாதா என்று கேட்கலாம். உண்டு. நாவல் சாட்சிக் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்வதில்லை. பத்து ஆட்களை ஒருவராக்கலாம், ஆற்றை நகர்த்தலாம், பாலத்தை வெடிக்கச் செய்யலாம். அது கதை என்று தெரிந்து படிப்பவனுக்குக் கேடில்லை. படிப்பவன் கதைக்கு வெளியே வேறு எதையும் அறியாதிருக்கும்போதுதான் தொல்லை. ‘மரண ரயில்’ என்றதும் உலகம் நினைப்பது சீட்டியடித்துக்கொண்டு அணிவகுத்து வரும் வெள்ளைக்காரக் கைதிகளை. அங்கே வேறு யாரும் இருந்தார்களா என்று எவரும் கேட்பதில்லை. முழுப் பட்டியலை எடுக்க வேண்டிய இடம் இதுதான்.

அந்தப் பாதையில் வேலை செய்த நேச நாட்டுப் போர்க் கைதிகள் 60,000க்குச் சற்று மேல். அவர்களில் ஏறத்தாழ 12,500 பேர் இறந்தனர், ஐவரில் ஒருவர். ஆசியத் தொழிலாளர்களோ 1,80,000க்குக் குறையார் என்று பொதுவாக மதிப்பிடுகின்றனர். பர்மியர், மலாயாத் தமிழர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், சீனர் என எல்லாரும் அதில் அடங்குவர். மாண்டோர் ஏறத்தாழ 90,000. அதாவது இருவரில் ஒருவர். மலாயாவிலிருந்து மட்டும் 75,000 பேருக்கு மேல் கொண்டு செல்லப்பட்டனர் என்று போருக்குப் பின் கணக்கெடுத்தனர். அவர்களில் பெரும் பகுதியினர் கித்தாத் தோட்டத் தமிழர்.

இவர்கள் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார்கள்? போரினால் ரப்பர் ஏற்றுமதி நின்றது. தோட்டங்களில் வேலையில்லை, அரிசி கிடைப்பது அருமையாயிற்று. அந்த நேரத்தில் நாளைக்கு ஒரு வெள்ளி சம்பளம், சாப்பாடு, இருக்க இடம், சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்று ஆசை காட்டினர். சிலர் தாமே போயினர். போனவர் திரும்பாததும் புதியவர் முன்வரவில்லை; தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று கேட்டுப் பிடித்துப் போயினர். இலவசப் படக்காட்சி என்று அழைத்து, வந்தவர்களை லாரியில் ஏற்றியதாகத் தப்பி வந்தோர் சொன்னதுண்டு. சரக்கு வண்டிகளில் அடைத்துப் பான்போங் வரை ரயிலில். அப்பால் காட்டு வழியே கால்நடை. அந்தப் பாதைக்கான தண்டவாளங்களில் ஒரு பகுதியும் மலாயாவிலிருந்தே, கிழக்குக் கரை ரயில் பாதையைப் பெயர்த்து, கொண்டு போகப்பட்டது. இங்கிருந்து ஆளும் போயிற்று, இரும்பும் போயிற்று.

1943 மழைக்காலத்தில் முகாம்களில் வாந்திபேதி பரவியது. போர்க் கைதிகளுக்கு அவர்களுடைய படை ஒழுங்கு இருந்தது. கட்டளையிட அதிகாரியும், கையில் மருந்தில்லாவிட்டாலும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று சொல்ல டாக்டரும் இருந்தனர். தோட்டத்திலிருந்து போன குடும்பத்தானுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. குழி வெட்டக் கற்றுக்கொடுப்பாரில்லை. அவன் பெயரை எழுதி வைப்பாரும் இல்லை. நிலைமை முற்றியபின், அவ்வாண்டு நடுவில் சாங்கியிலிருந்த போர்க் கைதிகளில் டாக்டர்களையும் உதவியாளர்களையும் சேர்த்து இரு குழுக்களை ஜப்பானியர் அனுப்பினர். தொழிலாளர் பட்ட பாட்டைப் பற்றி எழுத்தில் கிடைப்பவற்றில் ஒரு பகுதி அவர்கள் கண்டு சொன்னதே.

இந்தப் பெருங்கூட்டம் படத்தில் இல்லை. நாவலின் நடுவிலும் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. இதில் வியப்பு ஒன்று உண்டு. பியேர் பூல் மலாயாவை அறியாதவர் அல்லர். 1936 இல் இங்கு வந்து, கித்தாத் தோட்டத்தில் எஞ்சினீயராக வேலை பார்த்தவர். அந்த அனுபவத்தைக் கொண்டு 1951 இல் மலாயாத் தோட்ட வாழ்வைப் பற்றியே ஒரு நாவல் எழுதியவர். பால்மரக் காட்டுத் தமிழரை நாள்தோறும் கண்டவர். ஆனால் ரயில் பாதை போடப்பட்ட காலத்தில் அவர் சயாமில் இல்லை. இந்தோசீனாவில் விஷி பிரெஞ்சு அதிகாரிகளின் சிறையில் இருந்து, 1944 இல் தப்பினார். தாம் அறிந்த தோட்டத்து மக்கள் அந்தக் காட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டதை அவர் எந்த அளவு அறிந்திருந்தாலும், கதைக்கு வேண்டியது இரண்டு கர்னல்களின் மோதல் மட்டுமே. மற்றவர் களத்தில் இருந்தால் அந்த மோதல் சிறுத்துப் போகும். வேண்டுமென்றே மறைத்தார் எனக் குற்றம் சாட்டுவதற்கில்லை. கதையின் அளவுக்கு உலகத்தை வெட்டிக்கொண்டார்.

தமிழில் இக்குறையை நிரப்ப முயன்றவர் உண்டு. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய மலேசிய நாவல்கள் தோட்டத்திலிருந்து போனவரையே நாயகராக்கியவை. ஆயின் நம் பக்கத்தில் சொல்லப்படுவதையும் அதே தராசில் நிறுத்துப் பார்ப்பதுதான் நியாயம். ‘ஒவ்வொரு சிலிப்பர் கட்டைக்கும் ஓர் உயிர்’ என்பது மேடைகளில் அடிக்கடி கேட்கும் வாசகம். ஐந்தாம் வகுப்பு மாணவனிடம் இந்தக் கணக்கைக் கொடுத்துப் பார்க்கலாம். பாதை 415 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு ஆயிரம் கட்டை என்று குறைத்து வைத்தாலும் 4,15,000 கட்டைகள். மாண்டோர் எல்லாரையும் சேர்த்தாலும் ஒரு லட்சத்தை ஒட்டியே வரும். நான்கு கட்டைக்கு ஓர் உயிர் என்பதே போதுமான கொடுமை. அதை நான்கு மடங்காக்க வேண்டியதில்லை. மிகைப்படுத்திய எண்ணை ஒருவன் பொய் என்று காட்டிவிட்டால், மெய்யான எண்ணையும் அவன் நம்ப மாட்டான்.

காஞ்சனபுரியில் பெருஞ்சாலை ஓரத்தில் நேச நாட்டு வீரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறத்தாழ 7,000 கல்லறைகள். வரிசை பிசகாத நடைபாதை. பெயர் தெரிந்தவர்க்கெல்லாம் பெயரும் படைப்பிரிவும் வயதும் பொறித்த தகடுகள். ஆசியத் தொழிலாளருக்கு அப்படியொரு தோட்டம் இல்லை. 1990 இல் அவ்வூரில் நிலத்தைத் தோண்டியபோது எலும்புக்கூடுகள் பல குவியலாக வெளிப்பட்டன. பெயர் தெரியாதவர்களின் எச்சங்கள் வாட் தாவோன் என்னும் கோயிலில் வைக்கப்பட்டுள்ளன. அங்கேதான் 2023 இல் மலேசியத் தமிழர் சிலர் முயன்று, மாண்ட தமிழருக்காக ஒரு நடுகல் நாட்டினர். கல்லறைத் தோட்டத்திலிருந்து அந்தக் கோயில் நடந்து போகும் தூரந்தான்.