இத்தாலியச் செவியும் தமிழ் எழுத்தும்

புதுக்கோட்டை மாவட்டத்து அறந்தாங்கியின் பெயரை அசை பிரிக்கச் சொன்னால் நீங்கள் தயங்கமாட்டீர்கள். அறந் – தாங் – கி, நிரை நேர் நேர், புளிமாங்காய். இதனையே ஓர் இத்தாலியர் அ – றந் – தாங் – கி என நான்காகப் பிரிப்பார். குறில் இரண்டு இணைந்து ஓரசையாகும் முறை அவர் மொழியில் இல்லை.

அம்மொழிக்கு உயிர்நாடி அழுத்தம். பெரும்பாலான சொற்களில் ஈற்றயல் அசை அழுத்தம் பெறும். 'அங்கோரா' என்பதன் முதலசையை அழுத்தினால் நங்கூரம். இரண்டாம் அசையை அழுத்தினால் 'இன்னும்' என்று பொருள். எழுத்தில் இரண்டும் பொதுவாக ஒன்றே. விகுதி சேர்ந்தால் அழுத்தம் இடம்பெயர்வதும் உண்டு. 'கத்தோ' பூனை, 'கத்தீனோ' பூனைக்குட்டி. முதலசையிலிருந்த அழுத்தம் 'தீ'யின்மேல் ஏறி, அதனை நீளச் செய்கிறது. உயிரின் நீட்சி அங்கே அழுத்தத்தின் நிழலேயாகும்.

தமிழிலோ நீட்சியே பொருளை ஆள்கிறது. அறம் என்பதோடு தாங்கு என்னும் வினையும் இகர விகுதியும் சேர்ந்து 'அறந்தாங்கி' ஆகும்போது மகரம் நகரமாகத் திரிகிறது. நெடிலோ தன் இடத்திலேயே நிற்கிறது.

இந்த வேற்றுமையைச் செவியால் கற்றவர் வீரமாமுனிவர். இத்தாலியில் 1680இல் பிறந்த பெஸ்கி, 1710இல் இந்தியா வந்தார். எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய விதி. ஆனால், எழுத்தாணி ஓலையைக் கிழிக்குமென்று பலர் புள்ளியிடாது விட்டனர். ஆகவே, நீரைத் தாங்கும் ஏரியும் யாவற்றையும் சாம்பலாக்கும் எரியும் ஓலையில் ஒரே வடிவம் பெற்றன. 'கொடு'வும் 'கோடு'ம் அவ்வாறே.

தமிழறிந்தவர் இடம் நோக்கிப் பொருள் கொண்டனர். புதிதாய்க் கற்பவர் என் செய்வார்? முனிவர் கொம்பைச் சுழித்தும் கீற்றுச் சேர்த்தும் நெடிலுக்குத் தனி வடிவம் வகுத்தார். 1730இல் தொன்னூல் விளக்கமும் 1732இல் சதுரகராதியும் இயற்றினார். சொற்களை அகரவரிசையில் நிறுத்தும் அகராதியில் எகரமும் ஏகாரமும் மயங்கினால் தேடுவோர் திகைப்பரன்றோ?

தம் தாய்மொழியின் அழுத்தத்தைத் தமிழ்மீது அவர் சுமத்தவில்லை. தமிழின் மாத்திரைக்கே கண்ணுக்குப் புலனாகும் குறி தந்தார். அறிந்தவருக்குத் தெரியும் என்பதற்காக எழுத்து ஊமையாக இருத்தலாகாது என்பதே அச்சீர்திருத்தம் புகட்டும் பாடம் என நான் கருதுகிறேன். இன்று தமிழ் கற்கும் சிறு குழந்தை ஏரியையும் எரியையும் தானே பிரித்துப் படிக்கிறது. நாற்பதாண்டுகளை எட்டாத வயதில் தமிழ் பயிலத் தொடங்கிய ஓர் அயல்நாட்டு மாணவரின் உழைப்பு அதற்குள் இருக்கிறது.