பேராதனை: விடுதிகளுக்காகக் கட்டிய பல்கலைக்கழகம்

பல்கலைக்கழகத்தில் என்னென்ன பாடம் சொல்லிக்கொடுப்பது என்பதைவிட, அதை எந்த ஊரில் கட்டுவது என்பதற்காகவே இலங்கை அதிக காலம் சண்டை பிடித்தது. 1920களில் மூண்ட அந்தச் சண்டை 1930களின் இறுதியில்தான் ஓய்ந்தது. சட்டசபையில் காரசாரமான பேச்சு, பத்திரிகைகளில் தலையங்கத்துக்கு மேல் தலையங்கம், ஆணைக்குழுக்களின் அறிக்கைகள். கேள்வி ஒன்றுதான்: கொழும்பா, கண்டியா?

சண்டைக்குப் பின்னால் நீண்ட ஏக்கம் ஒன்று இருந்தது. இலங்கைக்கென்று சொந்தமாக ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906இலேயே ஒரு சங்கம் கூடியது. அதன் முன்னணியில் நின்றவர் பொன்னம்பலம் அருணாசலம். 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆனால் அங்கே படித்தவர்கள் எழுதியது லண்டன் பல்கலைக்கழகப் பரீட்சை; வாங்கியதும் லண்டன் பட்டம். விரிவுரை முடிந்ததும் பெரும்பாலான மாணவர்கள் வீட்டுக்கோ, உறவினர் வீட்டுக்கோ, நகரத்து வாடகை அறைக்கோ போய்விடுவார்கள். பகலில் வகுப்பு இருந்தது. மாலையில் பல்கலைக்கழகம் என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை.

கொழும்பை விரும்பியவர்கள் சொன்ன காரணங்களில் நியாயம் உண்டு. பெரிய மருத்துவமனை கொழும்பில், நீதிமன்றங்கள் கொழும்பில், நூலகங்களும் அலுவலகங்களும் கொழும்பில். கல்லூரிக் கட்டடங்களும் ஏற்கெனவே அங்கேதான். மலைநாட்டை விரும்பியவர்கள் வேறொன்றைக் கேட்டார்கள். மாணவரும் ஆசிரியரும் ஒரே நிலத்தில், ஒரே கூரைக்குக் கீழ் உண்டு உறங்கி வாழ வேண்டும். அதற்குத் தலைநகரின் சந்தடியும் நிலவிலையும் ஒத்துவராது என்றார்கள். பத்திரிகை அதிபர் டி. ஆர். விஜேவர்தன தம் ஏடுகளின் பலத்தை எல்லாம் கண்டிப் பக்கம் சாய்த்தார். கண்டி என்று முடிவான பிறகும் எந்த மூலை என்பதில் இழுபறி நீண்டது. டும்பறைப் பள்ளத்தாக்கு வந்துபோனது. வேறு இடங்களும் பேசப்பட்டன. கடைசியில் அந்தானை மலையடிவாரத்தில், மகாவலி வளைந்தோடும் பேராதனைத் தோட்ட நிலம் வென்றது.

இன்றைக்கு ஒரு மாணவி ‘படிப்பு ஒரே படிப்புத்தான், கம்பஸ் எப்படி, ஹொஸ்டல் எப்படி’ என்று விசாரித்தால், படிக்கப் போகிறவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று பெரியவர்கள் முகம் சுளிப்பதுண்டு. பேராதனையின் வரலாறு அந்த மாணவியின் பக்கம்தான் நிற்கிறது. இலங்கையின் முதல் பல்கலைக்கழகத்துக்கு இடம் தேர்ந்தபோது பெரியவர்களே கேட்ட கேள்வி அது.

1941இல் கொழும்புக்கு வந்து சேர்ந்தார் ஐவர் ஜென்னிங்ஸ். அரசமைப்புச் சட்டத்தில் பேரறிஞர், நிர்வாகத்தில் பிடிவாதக்காரர். 1942 ஜூலை 1ஆம் திகதி இலங்கைப் பல்கலைக்கழகம் சட்டப்படி உருவானது. ஜென்னிங்ஸ் அதன் முதல் துணைவேந்தர். பேராதனைக்கு வரைபடம் தீட்டியவர்கள் பாட்ரிக் அபர்குரோம்பியும் கிளிஃபர்ட் ஹொலிடேயும். போருக்குப் பிந்திய லண்டனுக்குத் திட்டம் வகுத்த அதே அபர்குரோம்பிதான். ஆனால் திட்டம் கையில் இருந்தும் கட்ட முடியவில்லை. உலகப்போர் நடந்துகொண்டிருந்தது, 1944இல் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகமே பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. இரும்பும் சிமெந்தும் எளிதில் கிடைக்காத காலம்.

1949இல் சட்டமும் விவசாயமும் முதலில் மலையேறின. 1952 அக்டோபர் 6ஆம் திகதிதான் பெரிய குடிபெயர்வு: கலைப்பீடமும் நூலகமும் நிர்வாகமும் கொழும்பைவிட்டு வந்தன. 1954 ஏப்ரலில் எலிசபெத் மகாராணி வந்திருந்தபோது, அவருடைய கணவர் எடின்பரோ கோமகன் வளாகத்தை முறைப்படி திறந்துவைத்தார்.

கட்டடக்கலைஞர் ஷேர்லி டி அல்விஸின் கைவண்ணத்தைக் கலகா வீதியில் நடந்தபடியே பார்க்கலாம். ஓடு வேய்ந்த சரிகூரைகள், கண்டிப் பாணித் தூண்கள், மலைச்சரிவை வெட்டிச் சமன்செய்யாமல் அதன் போக்குக்கே இறங்கும் படிக்கட்டுகள். பங்குனி, சித்திரையில் ரொபரோசியா மரங்கள் இளஞ்சிவப்பாகப் பூத்து உதிர்ந்து வீதியை மூடும். கண்டிக்குப் போகும் ரயில் பாதையில் ‘சரசவி உயன’ என்று பல்கலைக்கழகத்துக்கே ஒரு நிலையம். நதிக்கு அந்தக் கரையில் 1960களில் பொறியியல் பீடம் எழுந்தது. இரு கரையையும் ‘அக்பர் பாலம்’ இணைக்கிறது. பொறியியல் மாணவர்கள் விடுதிக்கும் விரிவுரைக்கும் இடையில் மகாவலியைக் கடந்து போகிறவர்கள்.

ஆனாலும் பேராதனையின் உயிர் இந்த அழகில் இல்லை, விடுதிகளில் இருந்தது. மண்டபங்கள் என்றே அவற்றை அழைத்தார்கள்: அருணாசலம், ராமநாதன், ஜயதிலக, மார்ஸ், மார்க்கஸ் பெர்னாண்டோ, ஜேம்ஸ் பீரிஸ், ஹில்டா ஒபயசேகர, சங்கமித்தா. ஒவ்வொன்றுக்கும் ஒரு விடுதி அதிபர், துணை அதிபர்கள். அவர்கள் விரிவுரையாளர்களாகவும் இருந்தார்கள். சாப்பாட்டு மண்டபத்தின் ஒரு முனையில் ஆசிரியர்களுக்கு உயர்மேசை, கீழே வரிசையாக மாணவர்கள், பரிமாறப் பணியாளர்கள். ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் வழக்கத்தை அப்படியே கொண்டுவந்து மலையில் நட்டார்கள். கிராமத்திலிருந்து வந்த பிள்ளைகளுக்கு முள்ளுக்கரண்டி பிடிப்பதே ஒரு பரீட்சையாக இருந்த காலம் அது. அந்த ஆங்கிலப் பகட்டு தேவையில்லாதது. ஆனால் யாழ்ப்பாணத்துப் பையனும் மாத்தறைப் பையனும் அடுத்தடுத்த அறையில் நாலு வருடம் வாழ்ந்தது வீணாகவில்லை. அதை எந்த வகுப்பறையும் கொடுத்திருக்க முடியாது.

அதற்கு நேர்சான்று நாடகம். எதிரிவீர சரச்சந்திர பேராதனை மாணவர்களைக் கொண்டு 1956இல் ‘மனமே’யை மேடையேற்றினார். தமிழ்க் கூத்தின் வழியில் வளர்ந்த ‘நாடகம’ என்ற பழைய சிங்கள அரங்க வடிவத்திலிருந்து அவர் எடுத்தது அது. சிங்கள அரங்கின் போக்கே அதனால் மாறியது. 1961இல் ‘சிங்கபாகு’ வந்தது. ‘வள’ என்று மாணவர்கள் அழைக்கும் திறந்தவெளி அரங்கின் புற்சரிவில் உட்கார்ந்து மொழி தெரிந்தவரும் தெரியாதவரும் பார்த்தார்கள். தமிழ்த்துறையில் இருந்த சு. வித்தியானந்தனுக்கு ஓர் உந்துதல் பிறந்தது: நம்மிடம் கூத்து இருக்கிறதே! மட்டக்களப்பு வடமோடிக் கூத்தை விடியவிடிய ஆடும் களரியிலிருந்து எடுத்துச் சுருக்கி, மேடைக்கு ஏற்ற வடிவாக்கினார். ஆடியவர்கள் மாணவர்கள். 1962இல் ‘கர்ணன் போர்’, 1964இல் ‘இராவணேசன்’. இராவணனாக ஆடிய மட்டக்களப்பு மாணவர் மௌனகுரு பின்னாளில் ஈழத்து அரங்கின் பெரும் ஆளுமையானார். இரவு ஒத்திகைக்கு ஆட்கள் கூடுவதற்கு ஒரே காரணம், எல்லோரும் அங்கேயே குடியிருந்ததுதான். மாலை ஐந்து மணிக்குப் பஸ் பிடிக்கிறவர்களை வைத்துக் கூத்துப் பழக்க முடியாது.

தமிழ்ச் சங்கத்தின் ‘இளங்கதிர்’ மலரும், குன்றின்மேல் குறிஞ்சிக் குமரன் கோயிலின் வெள்ளிக்கிழமைப் பூசையும் இதே வாழ்க்கையின் கிளைகள். பௌத்த, கிறிஸ்தவ, இஸ்லாமிய வழிபாட்டிடங்களும் அதே வளாகத்தில் உண்டு.

விடுதி வாழ்க்கைக்கு நிழல் பக்கமும் இருந்தது. அது மிகக் கொடியது. 1945இல் வந்த இலவசக் கல்வியின் பிள்ளைகள் பிற்பாடு பெருந்தொகையாக வரத் தொடங்கினார்கள். 1960இலிருந்து சிங்களத்திலும் தமிழிலும் கலைப்பாடங்கள் நடந்தன. கதவு திறந்தது நல்லது, மிக நல்லது. கட்டில்கள் அந்த வேகத்தில் பெருகவில்லை. ஒருவருக்குக் கட்டிய அறையில் பலர் நெருக்கினார்கள், உயர்மேசை மறைந்தது. புதிதாக வருபவர்களை மூத்த மாணவர்கள் துன்புறுத்தும் பகிடிவதை வேரூன்றியது. 1975இல் அதிலிருந்து தப்ப ராமநாதன் விடுதியின் மாடியிலிருந்து குதித்த ஒரு மாணவி நடக்க முடியாதவரானார். 1997இல் பொறியியல் பீடத்துத் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையால் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். மறு ஆண்டு பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது.

1983 மே மாதத்தில் தமிழ் மாணவர்கள் விடுதிகளுக்குள்ளேயே தாக்கப்பட்டார்கள். அறைகளைப் போட்டது போட்டபடி விட்டு ஓட நேர்ந்தது. இரண்டு மாதத்தில் தமிழர்மீது கறுப்பு ஜூலை வன்முறை வெடித்தது. யார் எந்த அறையில் இருக்கிறார் என்பதைப் பக்கத்து அறைக்காரன் அறிந்திருப்பதுதான் விடுதியின் அழகு. அன்று அதுவே ஆபத்தானது. 1989இல் தென்னிலங்கைக் கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட நாட்களில், வெட்டப்பட்ட இளைஞர்களின் தலைகள் டி அல்விஸின் பெயர் தாங்கிய குளத்தைச் சுற்றி வைக்கப்பட்டிருந்தன. பேராதனையை அழகான வளாகம் என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்கள் இந்தக் குளத்தைக் கடந்துதான் போகிறார்கள்.

இதற்கு முன்பே தமிழ் மாணவர்களுக்கு இன்னொரு தெரிவு பிறந்திருந்தது. 1970களின் தரப்படுத்தல் பல்கலைக்கழகக் கதவைத் தமிழருக்குக் குறுக்கியபோது, 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியது. பொன்னம்பலம் ராமநாதன் திருநெல்வேலியில் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியே அதன் வீடு. முதல் தலைவர் பேராதனையில் படித்த க. கைலாசபதி. 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமானபோது முதல் துணைவேந்தராக வந்தவர் பேராதனையில் கூத்துப் பழக்கிய அதே வித்தியானந்தன்.

இன்று உயர்தரப் பரீட்சை முடிவும் இசட் புள்ளியும் மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்துதான் இடத்தைத் தீர்மானிக்கின்றன. ஆனால் விண்ணப்பத்தில் விருப்ப வரிசையை மாணவரே எழுத வேண்டும். பொறியியலுக்குப் பேராதனையா, மொறட்டுவையா, கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பீடமா என்று அண்ணாமாரிடமும் அக்காமாரிடமும் தொலைபேசியில் கேட்கிறார்கள். விடுதி முதல் வருடத்துக்கு மட்டுமா, தண்ணீர் ஒழுங்காக வருமா, பகிடிவதை எப்படி, தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர், இரவில் நூலகத்திலிருந்து தனியாக நடந்து வரலாமா. விடுதி கிடைக்காத வருடங்களில் பேராதனைப் பக்கம் வாடகை அறைகளுக்கு நாலைந்து பேராகச் சேர்ந்து முற்பணம் கட்டுகிறார்கள்.